பிணம் சிரித்தால்தான் பேக்கப்

நான் செத்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். மூக்கில் பஞ்சு. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, அதன்மேல் ஒரு காசு. உடம்பில் அரக்குச் சிவப்பில் சேலை, தலை நிறைய மல்லிகை. வலது காதுக்குள் நுழையலாமா வேண்டாமா என்று ஓர் எறும்பு யோசித்துக்கொண்டிருந்தது. செத்தவளால் எறும்பைத் தட்டிவிட முடியாது.

"அம்மா, மூச்சு லேசா தெரியுது. கொஞ்சம் புடிச்சிக்குங்க," என்றார் டைரக்டர் பிரவீன்.

பிடித்துக்கொண்டேன். இந்த அறுபத்தெட்டு வயதிலும் ஐம்பது நொடி பிடிப்பேன். இப்போது நடிக்க வரும் இளசுகள் இருபதிலேயே நெஞ்சைத் தூக்கிவிடுகிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இது நடந்தது சிம்பாங் ரெங்கத்துக்கு உள்ளே, ஒரு பழைய பலகை வீட்டில். பின்னால் முழுக்கச் செம்பனைத் தோட்டம். இந்த வருடத்து அடைமழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு.

ஒன்பதாவது சாவு

போன வாரம் கொடுமைக்கார மாமியாராக நடித்து, பசாரில் மீன்காரரிடம் ஏச்சு வாங்கிய கதையை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு குளுவாங்கிலிருந்து ஒரு வாசகி கேட்டார்: "நீங்க எத்தன நாடகத்துல செத்திருக்கீங்க?" நல்ல கேள்வி. எண்ணிப் பார்த்தேன். ஒன்பது. இரண்டு முறை புற்றுநோய், ஒரு முறை தீ, ஒரு முறை மகன் கையால், மற்றதெல்லாம் நெஞ்சுவலி. நம் நாடகங்களில் அம்மாக்களுக்கு நெஞ்சு ரொம்ப பலவீனம்.

சிம்பாங் ரெங்கத்துச் சாவு ஒன்பதாவது. அதைப் பற்றித்தான் இந்த வாரம். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் சிரிப்பு ஷாட் என்றால் என்னவென்று சொல்லியாக வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பிணமாக நடித்தால், அந்தக் காட்சி முடிந்ததும் வேஷத்தைக் கலைக்கக் கூடாது. அதே பஞ்சு, அதே மாலையோடு பாடையிலேயே எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். "நான் சாகல, உயிரோடதான் இருக்கேன்" என்று கேமராவுக்குச் சொல்வதாக ஐதீகம். அது எந்த நாடகத்திலும் வராது. அதற்குப் பிறகுதான் பூசணிக்காய் உடைப்பார்கள், பேக்கப் சொல்வார்கள். சிரிக்காமல் ஒரு பிணம் வீட்டுக்குப் போனால் நல்லதில்லை என்று லைட் பிடிப்பவர் முதல் டைரக்டர் வரை எல்லாரும் நம்புவார்கள். படித்தவர்களும்தான். வெளியே சிரிப்பார்கள், உள்ளே நம்புவார்கள்.

இதில் என் தலைவிதி என்னவென்றால், எனக்குச் சொன்னவுடன் சிரிக்க வராது.

கடன் வாங்கிய அழுகை

அழச் சொல்லுங்கள், பத்து எண்ணுவதற்குள் அழுவேன். இந்த நாட்டில் தமிழ் நாடகத்தில் அழுவதற்கு ஆள் வேண்டுமென்றால் தம்போயில் இருக்கும் எனக்குத்தான் போன் வரும். அப்படி ஒரு காலம் இருந்தது.

அப்போது நான் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளே இருக்கும் பலகையில் சின்னச் சின்ன பாகங்களைப் பொருத்துகிற வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை டிவி செய்வேன். சனி ஞாயிறு டிவிக்குள்ளே போய்விடுவேன். எங்கள் சூப்பர்வைசர், மலாய்க்கார அக்கா கக் ரோஸ்னாவுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் நான் டிவியில் செத்த மறுநாள் வேலைக்குப் போனால், "அலமாக்! கமலா!" என்று பதறிக் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பார்.

அவருக்குத் தெரியாத ஒரு விஷயம், ஒரு நாடகத்தில் நான் அழுதது அவருடைய அழுகை. அவருடைய தகப்பனார் தவறிய செய்தி வந்த அன்று, அழுகையை அடக்க வேலை அட்டையை வாயில் கடித்துக்கொண்டு நின்றார். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். அட்டைக்குப் பதிலாக முந்தானை.

என் தொழில் ரகசியம் அவ்வளவுதான். நான் ஒருநாளும் என் சொந்த அழுகையைக் கேமரா முன்னால் அழுததில்லை. எல்லாம் பார்த்து வைத்தது. யார் எங்கே அழுதாலும் மூச்சு எங்கிருந்து கிளம்புகிறது, எந்தத் தோள் முதலில் விழுகிறது என்று என் கண் போய்விடும். எங்கள் தாமான் குடியிருப்பில் துக்க வீட்டுக்கு நான் போனால் பெண்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே அழுவார்கள். "பாத்து அழு, கமலா வந்திருக்கு, டிவியில வந்துரும்" என்று ஒருத்தி சொன்னது என் காதிலேயே விழுந்தது.

சாவுக்கு வராதவர்

என் முதல் சாவின்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிணமாக நடித்து முடித்ததும் அந்தக் காலத்து டைரக்டர், "எழுந்து சிரிம்மா" என்றார். எழுந்தேன். சிரிப்பு வரவில்லை. பல்லைக் காட்டினேன். "அது சிரிப்பா? பல்லு வலியா?" என்று ஏசினார். கோயில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கேமராவுக்குப் பக்கத்தில் தே தாரிக் டீ நிறைத்த பிளாஸ்கோடு ஒரு மனிதர் நின்றார். என் வீட்டுக்காரர். பெயர் தர்மலிங்கம். எழுத்தில் எழுதிவிட்டேன், வாயால் சொல்ல இன்றைக்கும் கூச்சம். எங்கள் தொழிற்சாலை பஸ்ஸின் டிரைவர் அவர். அந்த பஸ்ஸில் போய் வந்துதான் எங்கள் கல்யாணமே நடந்தது. அதை ஏற்கெனவே இங்கே எழுதிவிட்டேன்.

மூக்கில் பஞ்சோடு நான் பல்லைக் காட்டியதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவருடைய சிரிப்பை நான் விவரமாகச் சொல்ல வேண்டும். முதலில் சத்தமே வராது. தோள் இரண்டும் குலுங்கும். அப்புறம் வயிறு. அதற்கும் அப்புறம்தான், காலையில் ஸ்டார்ட் ஆகாமல் இழுக்கும் பழைய பஸ் மாதிரி தொண்டையில் ஓர் இழுப்பு. இன்னொரு இழுப்பு. மூன்றாவது இழுப்பில் என்ஜின் பிடித்துக்கொள்ளும். பிறகு நிறுத்த முடியாது. கடைசியில் இடது கண்ணில் மட்டும் தண்ணீர் வரும், அதைப் புறங்கையால் துடைப்பார்.

அதைப் பார்த்துவிட்டு எந்தப் பிணமும் சும்மா இருக்க முடியாது. நானும் சிரித்தேன், யூனிட்டே சிரித்தது. அன்றிலிருந்து என் சாவுக்கு அவரைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. எட்டு சாவுக்கும் லீவு போட்டு வந்தார்.

ஆனால் சாவைப் பார்க்க மாட்டார். எனக்கு வாய்க்கரிசி போடும் காட்சி என்றால் பக்கத்துக் கடைக்குக் கிளம்பிவிடுவார். "சாவுக்கு நா வரமாட்டேன் லா. சிரிப்புக்குக் கூப்புடு, வரேன்," என்பார்.

கேமராவுக்கு முன்னால் வரச் சொன்னால் அவ்வளவுதான். ஒரு நாடகத்தில் பஸ் டிரைவர் வேஷம், ஒரே ஒரு வசனம், "எறங்குங்க" என்று சொன்னால் போதும். வருடக்கணக்காகத் தினமும் சொன்ன வார்த்தை. கேமராவைப் பார்த்ததும் ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு கல்லாகிவிட்டார். அதற்குப் பிறகு போன் கேமராவைக் கண்டாலும் ஓட்டம். எங்கள் மகள் சுபாவின் கல்யாண வீடியோவில்கூட அவருடைய முதுகுதான் இருக்கிறது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அவர் போய்ச் சேர்ந்தார். நெஞ்சுவலி. நாடகத்தில் நான் ஐந்து முறை செத்த அதே நெஞ்சுவலி.

வீட்டுக் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தூக்குகிற நேரத்தில், எல்லாரும் ஒதுங்கி நின்றபோது, நான் ஒரு நொடி காத்திருந்தேன். இப்போது எழுந்து உட்கார்ந்து சிரிப்பார் என்று. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் இத்தனை வருடப் பழக்கம், சாவு முடிந்தால் சிரிப்பு வரவேண்டும் என்று உடம்பு நினைத்துக்கொண்டது. அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடிக்கப் போகவில்லை. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்று சொன்னேன்.

சுபாவின் சண்டை

பிரவீன் வீடு தேடி வந்து கேட்டபோது சுபாதான் முதலில் எதிர்த்தாள். அவள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள், தினமும் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய் வருகிறவள். கோபத்தை எல்லாம் சனிக்கிழமைக்குச் சேர்த்து வைப்பாள்.

"அம்மா, அப்பா போயி முழுசா ரெண்டு வருஷம் ஆகல. செகப்பு சேல கட்டி, பொட்டு வச்சி, சுமங்கலிப் பொணமா படுக்கணுமா? சொந்தக்காரங்க என்னா பேசுவாங்க?"

"நடிக்கிறதுக்குத்தாண்டி கூப்புடறாங்க. கல்யாணத்துக்கா?"

"வேற ரோல் கேளுங்க."

"நா என்னா கடைக்கா போயிருக்கேன், வேற கலர் காட்டுன்னு கேக்க?"

பிறகு, "சிரிப்பு ஷாட்டுக்கு என்னா பண்ணுவீங்க?" என்றாள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. நானும் அதைத்தான் ராத்திரி பகலாக யோசித்துக்கொண்டிருந்தேன். எட்டு முறையும் நான் சிரித்தது அவர் சிரித்ததால். அவர் இல்லாமல் ஒரே ஒரு முறை எழுந்து சிரிக்க முடிந்தால் நான் இன்னும் நடிகை. முடியாவிட்டால் இதுவே கடைசி. இப்படி எனக்குள் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டுதான் சரி என்றேன். சுபாவிடம் அதைச் சொல்லவில்லை. அவளே லீவு எடுத்துக் காரில் கூட்டிப் போனாள். தகப்பன் மாதிரியே தே தாரிக் பிளாஸ்கும் எடுத்துக்கொண்டாள்.

டிராகன் குடம்

காலையிலிருந்து எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. வீட்டுக்குள் அழுகைக் காட்சி, வாய்க்கரிசி, பாடை கட்டுவது. மதியத்துக்கு மேல் சுடுகாட்டுக் காட்சி. நிஜச் சுடுகாட்டில் அனுமதி கிடைக்காமல், பின்னால் செம்பனை மரங்களுக்கு நடுவே எடுத்தார்கள்.

கொள்ளிக்குடம் வாங்கும் பொறுப்பு புரொடக்‌ஷன் மேனேஜருக்கு. கோலாலம்பூரிலிருந்து இறங்கி வருகிற வழியில், பானைக்குப் பேர்போன ஆயர் ஈத்தாமில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். அங்கே வாங்கிவந்தது பளபளவென்று மெருகு போட்ட ஜாடி. சுற்றிலும் டிராகன் படம், நாக்கை நீட்டிக்கொண்டு.

"மண்சட்டி கேட்டா சீனன் கோயில் ஜாடி வாங்கியாந்திருக்கீங்களே ண்ணே!" என்று பிரவீன் தலையில் கை வைத்தார்.

"பானை கடை பூராவும் தேடிட்டேன் லா. இதுதான் சைஸ் சரியா இருந்துச்சு."

டிராகனைப் பின்பக்கம் திருப்பி வைத்து எடுத்தார்கள். மகனாக நடித்தவர் என் பாடையை மூன்று முறை சுற்றிவந்து, திரும்பிப் பார்க்காமல் குடத்தைப் பின்னால் போட்டார். 'தொப்'. உடையவில்லை. உருண்டு வந்து என் தலைமாட்டில் நின்றது. மறுபடி எடுத்தார்கள். மறுபடி உருண்டது. மூன்றாவது முறை அது கேமராமேன் காலில் இடித்தது. கண்ணை மூடிக்கிடந்த எனக்குச் சுற்றிலும் ஆட்கள் சிரிப்பை அடக்குகிற மூச்சு கேட்டது.

முன்பென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருப்பேன். அன்றைக்கு அடக்குவதற்கு உள்ளே எதுவுமே இல்லை. எனக்குச் சிரிப்பு வரவேயில்லை. அப்போதுதான் பயம் பிடித்தது.

கடைசியில் பாராங் கத்தியால் தட்டி உடைத்துவிட்டு, உடைந்த ஓடுகளைத் தனி ஷாட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆக்‌ஷன் சொல்லுங்க

"கட்! ஓகே! அம்மா, சிரிப்பு ஷாட்!"

எழுந்து உட்கார்ந்தேன். செம்பனைக்கு நடுவே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. எல்லாரும் கேமராவுக்குப் பின்னால் கூடி நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் என் கண் தானாகவே வலது ஓரத்துக்குப் போயிற்று. அவர் நிற்கும் இடம். பிளாஸ்கோடு சுபா நின்றுகொண்டிருந்தாள்.

பல்லைக் காட்டினேன். பழைய பல்லு வலி.

பிரவீன் ஏதோ ஜோக் சொன்னார். மேனேஜர் உடைந்த டிராகன் தலையைத் தூக்கிக்காட்டி நாக்கை நீட்டினார். மேக்கப் போடும் பெண் போனில் ஏதோ வேடிக்கை வீடியோ வைத்தாள். பாவம், நல்ல பிள்ளைகள். ஆளாளுக்குப் பாடுபட்டார்கள். எனக்குச் சிரிப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"பரவால்ல ம்மா. பூசணிக்காய மட்டும் ஒடச்சிருவோம்," என்று மெதுவாகச் சொன்னார் பிரவீன்.

அந்தக் குரலில் இருந்த இரக்கம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. வயதான குதிரையைத் தட்டிக்கொடுக்கிற குரல்.

அதற்குள் வீட்டுக்காரம்மா பாக்கியம் பின்வாசலிலிருந்து சத்தம் போட்டார். நாள் பூராவும் எங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்த மனுஷி. "அதெல்லாம் கெடையாது! எங்க வூட்டுல பொணம் போட்டுட்டு சிரிக்காம போவீங்களா? சிரிச்சிட்டுத்தான் போவணும்! இங்க நாங்க குடியிருக்கோம் லா!"

நியாயம்தானே? நான் சிரிக்காமல் போனால் அந்த அம்மாவுக்கு எத்தனை நாள் தூக்கம் வராது?

"பிரவீன், அஞ்சு நிமிஷம் குடுங்க. யாரும் பேசாதீங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி பாடையில் படுத்துக் கண்ணை மூடினேன்.

படுத்துக்கொண்டு என்னையே ஏசினேன். அடி கூறுகெட்டவளே, ஊரெல்லாம் தேடி அழுகையைக் கடன் வாங்கினவள், சிரிப்பை மட்டும் ஏன் சொந்தமாகத் தேடுகிறாய்? உலகத்தில் நீ அதிகமாகப் பார்த்த சிரிப்பு எது?

அதற்குப் பிறகு வேலைதான். எந்த வேஷத்துக்கும் செய்கிற வேலை. முதலில் எது அசையும்? தோள். சத்தம் எப்போது? வயிற்றுக்குப் பிறகு. எத்தனை இழுப்பு? மூன்று. கண்ணை மூடியபடியே இரண்டு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது முறை சரியாக வந்தது.

எழுந்து உட்கார்ந்து, "ஆக்‌ஷன் சொல்லுங்க," என்றேன்.

சிரிப்பு ஷாட்டுக்கு யாரும் ஆக்‌ஷன் சொல்வதில்லை. பிரவீன் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு சொன்னார்.

தோளைக் குலுக்கினேன். பிறகு வயிறு. தொண்டையில் ஓர் இழுப்பு. முன்னால் நின்ற ஒருத்தருக்கு உதடு துடித்தது. இரண்டாவது இழுப்புக்கு மேக்கப் பெண் வாயைப் பொத்தினாள். மூன்றாவதில் என்ஜின் பிடித்துக்கொண்டது. மூக்கிலிருந்து பஞ்சு தெறித்து விழுந்தது. மொத்த யூனிட்டும் விழுந்து விழுந்து சிரித்தது. மேனேஜர் செம்பனை மரத்தைப் பிடித்துக்கொண்டார். பாக்கியம் அம்மா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் இடது கண்ணைப் புறங்கையால் துடைத்தேன்.

"கட்! அம்மா! நெஜமாவே சிரிச்சிட்டீங்கம்மா!" என்று ஓடிவந்தார் பிரவீன்.

நான் மறுத்துப் பேசவில்லை. பூசணிக்காய் உடைந்தது. பேக்கப். நாற்பது வருடத்துக்கு மேல் நடித்திருக்கிறேன், மேடையேறிப் பரிசுகள் வாங்கியிருக்கிறேன். என் ஆயுசுக்கும் நான் நடித்ததிலேயே சிறந்த நடிப்பு அதுதான். அது எந்தத் தொலைக்காட்சியிலும் வராது. நடிப்பு என்றே ஒருத்தருக்கும் தெரியவில்லை. அன்றைக்குப் பாடையிலிருந்து இறங்கியபோது எனக்கு முழங்கால் வலிக்கவே இல்லை.

கூலாய்க்கு முன்னால்

திரும்பும்போது நெடுஞ்சாலையில் சுபா ஒரு கையால் ஓட்டிக்கொண்டு இன்னொரு கையால் மூக்கை மூக்கைத் துடைத்தாள்.

"அம்மா."

"ம்."

"அது அப்பா சிரிப்புதானே?"

ஊரை ஏமாற்றினாலும் பெற்ற பிள்ளையை ஏமாற்ற முடியுமா? "ஆமா," என்றேன். பிறகு தொழில் புத்தி சும்மா இருக்குமா, அதையும் கேட்டேன். "எந்தக் கண்ண தொடச்சேன்?"

"எடது. பொறங்கையால."

"இழுப்பு?"

"மூணு. கரெக்டா இருந்துச்சு." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "ஆனா வலது கண்ணுலயும் தண்ணி வந்துச்சும்மா. அப்பாவுக்கு அதுல வராது."

"அது என்னோடது," என்றேன்.

கூலாய் ஊர் வருவதற்கு முன்னால் என் போன் ஒலித்தது. நான் கேட்டுக்கொண்டபடி பிரவீன் அந்த ஷாட்டை அனுப்பியிருந்தார். சுபா ஒரு பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்தினாள். பிளாஸ்கிலிருந்த தே தாரிக்கை ஊற்றிக் குடித்துக்கொண்டே இரண்டு பேரும் பார்த்தோம். நான்கு முறை பார்த்தோம். மல்லிகையும் சிவப்புச் சேலையும் என்னுடையவை, மற்றதெல்லாம் அவர். கேமராவைக் கண்டால் ஓடிய மனிதரை ஒரு வழியாக அதன் முன்னால் உட்கார வைத்துவிட்டேன்.